வெயில்கண்டம் பற்றிய விளக்கமும் இதழின் பரவல் குறித்த அறிக்கையும்

சிவகாசி,
ஆடி 17

தென்மாவட்டப் புள்ளியியல் ஆய்விதழின் தலைமை ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் தங்கப்பாண்டியன் அவர்களுக்கு,

தங்கள் பழைய மாணவியும் இதழின் துணை ஆசிரியருமான யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரர், மூன்று வயது மகள் ஐஸ்வர்யா மூவரும் நலம். மாமனாரிடம் நலம் விசாரிக்கும் துணிச்சல் வீட்டில் தற்போது யாருக்கும் இல்லாததால் அவரைப் பற்றி எழுத இயலவில்லை. தங்கள் நலமும், தங்கள் வீட்டு அம்மாவின் முழங்கால் நலமும், நம் இதழின் நலமும் அறிய ஆவல். மூன்றில் எது மோசம் என்று தாங்கள் குறிப்பிடவில்லை.

ஆனி மாதம் தாங்கள் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ‘ஒரு வாரத்துக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல்’ என்று கேட்டிருந்தீர்கள். வாரம் ஐந்தாகிவிட்டது, பக்கமும் அதே கணக்கில்தான் போகும் போலிருக்கிறது. தாங்கள் கேட்டது இரண்டு. இதழின் பரவலையும் தாக்கத்தையும் பெருக்க நான் என்ன செய்தேன் என்பது முதலாவது. ஆவணியில் நம் புள்ளியியல் கழகத்தின் செயற்குழு கூடி, இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி போகிற இந்த இதழை இனியும் நடத்துவதா, இருபத்தெட்டு வருடம் போதும் என்று நிறுத்துவதா என்று முடிவு செய்யப்போகிறது. பட்டாசு முதலாளிகள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு, என் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றாக வேண்டும் என்று தங்களுக்கு மனு அனுப்பியிருக்கிறார்களே, அது எதனால் என்பது இரண்டாவது. சார், இரண்டும் ஒரே விஷயம்தான். ஒன்றைச் செய்யப்போய்தான் மற்றது வந்தது. அந்தப் பதினோரு கையெழுத்தில் முதல் கையெழுத்து என் மாமனாருடையது. மனுவைத் தட்டச்சு செய்து, ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தது நான்.

பரவலுக்கு நான் எடுத்த முதல் முயற்சி வாட்ஸப் குழு. பதினெட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்தார்கள். எட்டு மாதத்தில் அதில் வந்தவை ரோஜாப்பூவோடு காலை வணக்கம் இரண்டாயிரம், ஆய்வுக் கேள்வி ஒன்று. அந்தக் கேள்வியும் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்பது. அடுத்து, நூலகங்களில் நம் இதழை யார் வாசிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தேன். நான் படித்த கல்லூரியில் கடைசியாக அதை எடுத்துப் போனவர் பெயர் யோகேஸ்வரி என்று இருந்தது. அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் காலண்டர் வந்தது. எங்கள் குடும்பத்துக்குச் சிவகாசியில் ஓர் அச்சகமும் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டும் இருப்பது தங்களுக்குத் தெரியும். அச்சகத்தை மாமனார் தனுஷ்கோடி பார்க்கிறார், யூனிட்டை என் வீட்டுக்காரர் காளீஸ்வரன் பார்க்கிறார், புள்ளியியலில் எம்.ஃபில். முடித்த மருமகள் தினசரி காலண்டருக்கு ப்ரூஃப் பார்க்கிறாள். தாள் முந்நூற்று அறுபத்தைந்து. ஒவ்வொன்றிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொன்மொழி. பொன்மொழி எழுதித் தந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் போன வருடம் மகனோடு கனடா போய்விட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய பத்தும் பனி வழுக்குவதைப் பற்றியே இருந்தன. ப்ளேட் போட வேண்டிய நாள் வந்துவிட்டது, அடியில் இடம் காலி. மாமனார் சொன்னார்: “வெறுமனே விட்டா ப்ரிண்டு விழலைன்னு கட்டோட திருப்பி அனுப்புவான் தாயி. என்னத்தையாச்சும் போட்டு நெரப்பு. அர்த்தம் இருக்கணும்னு இல்ல, நீளம் இருக்கணும்.”

சார், அர்த்தமும் நீளமும் உள்ள சரக்கு என்னிடம் இருபத்தெட்டு வருடத்துக்கு இருந்தது. நம் இதழின் பழைய தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டுரைக்கு ஒரு வரி, பன்னிரண்டு வார்த்தைக்குள், தமிழில் எழுதினேன். தங்கள் நாற்பது பக்கக் கட்டுரை ஒன்று ‘சராசரி மனிதர் எந்த வீட்டிலும் குடியிருப்பதில்லை’ என்று முடிந்துவிட்டது. தாங்கள் வருத்தப்படக் கூடாது, மற்ற கட்டுரைகள் இதைவிடச் சுருங்கின. ஒவ்வொரு வரிக்கும் கீழே நன்றி சொல்லி இதழின் பெயரைப் போட்டேன். பெயரைப் போட்டால் தொடர்பு எண்ணும் போட வேண்டும் என்பது அச்சக வழக்கம். இதழின் தொடர்பு எண் என் செல்போன் எண். நாற்பதாயிரம் காலண்டர், ஒன்றில் முந்நூற்று அறுபத்தைந்து தாள், ஆக நம் இதழின் பெயர் ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சம் தடவை அச்சாகிச் சுவரில் தொங்கியது. செயற்குழுவுக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டுமென்றுதான் முதலில் நினைத்தேன்.

உட்கார விட்டால்தானே. தை மாதம் எட்டாம் தேதித் தாளில் ‘முப்பதுக்குக் குறைந்த மாதிரியை நம்பி முடிவெடுக்காதீர்’ என்று போட்டிருந்தேன். காலை ஏழு மணிக்குச் சாத்தூரிலிருந்து ஒரு பெண்ணைப் பெற்றவர் பேசினார். “ஏம்மா, நீங்கதான் காலண்டர்ல எழுதுறதா? பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள வீட்டுக்காரவுக, இது நாலாவது பொண்ணுதான், முப்பது பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லி அனுப்பிட்டாக. மிச்ச இருவத்தாறு பொண்ண நீங்க காட்டப் போறீகளா?” என்றார். அது கல்யாணத்துக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். “அப்ப அதையும் அங்கனயே போட்டிருக்கணும்ல” என்றார். சார், இருபத்தெட்டு வருடத்தில் நம் நடுவர்களில் ஒருவருக்கும் இவ்வளவு கூர்மையான திருத்தம் சொல்லத் தோன்றியதில்லை. காரியாபட்டியில் நான்கு அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க உட்கார்ந்த அன்று, ‘கூட்டத்தோடு ஒட்டாத மதிப்பைத் தள்ளிவிட்டுக் கணக்கிடலாம்’ என்ற வரி வந்து தொலைந்தது. மூத்தவர், தம்பிகளோடு ஐந்து வருடமாகப் பேசாதவர், எனக்குப் போன் போட்டு, அந்தத் தாளைக் கிழித்தே வைத்திருப்பதாகவும் கோர்ட்டில் சந்திப்பதாகவும் சொன்னார். நான் பத்து நாள் அவரிடம் தினமும் பேசி, தள்ளுவதற்கு முன்னால் காரணம் விசாரிக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம் என்று புரியவைத்தேன். காரணத்தை விசாரித்தார்கள். இப்போது ராசியாகி, நால்வரும் சேர்ந்து எனக்குப் போன் செய்கிறார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் மணி அடிக்கிறது. ஐஸ்வர்யா பொம்மைப் போனை எடுத்துக் காதில் வைத்து, “அது மாதிரி சின்னது, நம்பாதீக” என்கிறாள்.

இனி என் கட்டுரை. ‘வெயில், நேரம், விபத்து’ என்று அதை எம்.ஃபில். முடித்த கையோடு எழுதினேன், தங்களுக்கு நினைவிருக்கும். இருபது வருடச் செய்தித்தாள் துணுக்குகள், வெப்பநிலைக் குறிப்புகள். கோடையில் எந்த நாட்களில், எந்த மணிக்கு, மருந்து வேலை நடக்கிற இடங்களில் தீப்பிடிப்பது கூடுகிறது என்பதுதான் விஷயம். பட்டாசுக்கு இடும் ரசாயனக் கலவையை இங்கே மருந்து என்போம். நடுவர் அதை இரண்டு வருடம் வைத்திருந்து, நாலாம் பக்கம் வரை கருத்துச் சொல்லி, இன்னும் கூடுதல் தரவு தேவை என்று எழுதினார். பிறகு ஒருவழியாக அச்சில் வந்தது. நான் வாசித்தேன், தாங்கள் வாசித்தீர்கள். கல்யாணமாகி நான் வந்து சேர்ந்ததே பட்டாசு யூனிட் உள்ள வீடு. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் போகிற இடம் என் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிற மாதிரியான இடம். அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால், “வாயைக் கழுவு” என்பார்கள். ஆகவே சித்திரைக் கடைசி, வைகாசி முதலில், கட்டுரைப்படி அதிக ஆபத்து வருகிற ஒன்பது நாட்களின் தாளில் மட்டும், பொன்மொழி இடத்தில், அடக்கமாக, ‘இன்று பகல் 12 முதல் 3 வரை மருந்து வேலை தவிர்க்கத் தக்கது’ என்று எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் சார் நான் செய்தது.

மிச்சத்தைச் செய்தது எங்கள் டிசைனர் பாண்டிராஜ். அவன் பொறுப்பான ஆள், அதுதான் வினை. தவிர்க்க வேண்டிய நேரம் ஒன்று அடியில் கறுப்பு எழுத்தில் கிடப்பதைப் பார்த்து, இந்தப் படித்த அக்காவுக்கு லே-அவுட் தெரியவில்லை என்று இரக்கப்பட்டு, அதைத் தூக்கி ராகு காலம், எமகண்டத்துக்கு அடுத்த வரிசையில் சிவப்பில் வைத்துவிட்டான். அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, இதற்கு மட்டும் இல்லாமல் மொட்டையாக நிற்கிறதே என்று ‘வெயில்கண்டம் 12 – 3’ என்று பெயரும் வைத்தான். அந்தக் கடைசி ப்ரூஃப் வந்த அன்று ஐஸ்வர்யாவுக்குக் காய்ச்சல், நான் அதைப் பார்க்கவில்லை. இது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். பின்னால் அவனைக் கேட்டதற்கு, “கெட்ட நேரம்னா செவப்புலதானக்கா போடணும், கறுப்புல போட்டா யாரு பயப்படுவா?” என்றான். நம் இதழில் இருபத்தெட்டு வருடமாக எல்லாவற்றையும் கறுப்பில்தான் போடுகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெயில்கண்டத்தின் முதல் நாள். பன்னிரண்டு மணிக்கு நாரணாபுரம் யூனிட்டில் மருந்து செலுத்துகிற அறையிலிருந்து இருளம்மாள் எழுந்தாள். இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கிறவள். அவள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அறுபது பேரும் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். என் வீட்டுக்காரர் அப்பாவுக்குப் போன் செய்தார். மாமனார் காரிலேயே வந்து இறங்கினார். “யாருலே எந்திரிக்கச் சொன்னது? நோன்பு கீன்பு எதுவும் உண்டா இன்னிக்கு?”

“வெயில்கண்டம், மொதலாளி” என்றாளாம் இருளம்மாள்.

“அது என்ன எழவு கண்டம்? எவன் சொன்னான்?”

“நீங்கதான் சொல்லியிருக்கீக. ஆபீசுச் செவத்துல தொங்குது. மேல ஒங்க போட்டோ கூட சிரிச்ச மாதிரி இருக்கே.”

மாமனார் அலுவலக அறைக்குள் போய்ப் பார்த்தார். தொங்கியது. சிரித்துக்கொண்டும் இருந்தார். திரும்பி வந்து, அது அச்சுப்பிழை என்றார். “அப்ப ராகு காலமும் அச்சுப்பிழையா?” என்று கேட்டாள். “ராகு காலத்துல நீங்க லோடு ஏத்த விடமாட்டீக, லாரி வந்து நின்னாலும் நிக்கட்டும்பீக. நாங்க என்னைக்காச்சும் ஏன்னு கேட்டமா? நாங்களும் இதுல மருந்தத் தொடமாட்டோம். மூணு மணிக்கு மேல எம்புட்டு வேணாலும் பாக்குறோம், நீங்க வீட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க, வெயில்கண்டத்துல வெளிய நிக்காதீக.” மாமனார் நின்று பேசிப் பார்த்தார். பேசிய நேரம் பன்னிரண்டரை, வெயிலில் செருப்பில்லாத காலோடு நிற்க முடியவில்லை. காரிலிருந்து இறங்கிய வேகத்தில் செருப்பை மறந்திருந்தார். அவரும் வேப்பமரத்தடிக்குத்தான் போக வேண்டியதாயிற்று. அங்கே அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

மாமனார் பெருமைக்காகத் தீபாவளி முடிந்ததும் சுற்றியுள்ள எல்லா யூனிட்டுக்கும், ஒவ்வொரு வேலையாள் வீட்டுக்கும் காலண்டர் கொடுத்து வைத்திருந்தார். அதனால் இரண்டாம் நாள் வெயில்கண்டம் நாரணாபுரம் முழுக்கப் பரவிவிட்டது. மற்ற முதலாளிகள் மாமனாருக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது, நம் இதழுக்கு ஒரு தரம் இருக்கிறது. முதலாளிகள் கூடி, பஞ்சாங்கம் கணித்துத் தருகிற ஜோசியரை வரவழைத்து, அப்படி ஒரு கண்டம் கிடையாது என்று ஆட்கள் முன்னால் சொல்லச் சொன்னார்கள். ஜோசியர் என்னிடம் வந்து, “எந்த அடிப்படையிலம்மா கணிச்சீக?” என்று மரியாதையாகக் கேட்டார். இருபது வருட விபரத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், நாலாம் பக்கத்தைத் தாண்டியும் புரட்டினார். வெளியே போய், “எங்க பஞ்சாங்கத்துல இல்ல. ஆனா இல்லைன்னும் என்னால சொல்ல முடியல” என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார்.

ஏழாம் நாள் பகல் ஒன்று நாற்பதுக்கு ஒரு சத்தம் கேட்டது. சார், இந்தச் சத்தத்தைப் பற்றி என் கட்டுரையில் இல்லை. இங்கே யூனிட் திசையில் அப்படி ஒரு சத்தம் கேட்டால், தெருவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்வார்கள், போனை எடுப்பார்கள். ஐஸ்வர்யாவுக்குப் பருப்புச்சோறு பிசைந்த கையோடு எடுத்தேன். அவருக்கு மணி போகிறது, எடுக்கவில்லை. வேலை நடக்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அலுவலகத்தில் பெட்டியில்தான் இருக்கும், எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஆறு தடவை அடித்தேன். ஏழாம் தடவை இருளம்மாள் எடுத்தாள். “அழுகாத தாயி. இங்க இல்ல, மேற்க வேற கம்பெனியில மருந்து காயப்போட்ட தளம் வெடிச்சுப் போயிருச்சு. அங்கனயும் ஒரு ஆளு கிட்டத்துல இல்ல, எல்லாம் மரத்தடியில உக்காந்திருந்திருக்காக. ஒங்க வீட்டுக்காரரு இங்கன எங்க கூடத் தாயக்கட்ட உருட்டிக்கிட்டு இருக்காக. அரை மணி நேரமா தாயம் விழல. அம்புட்டுதான் அவருக்கு வந்த கண்டம்” என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரெல்லாம் பருப்புச்சோறு.

அன்று சாயங்காலம் மாமனார் சொன்னார்: “வெடிச்சது வெடிச்சுச்சு, ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. அப்பொறம் என்ன பெரிய கண்டம்? ஒன் கணக்கு பொய்யின்னு ஆயிருச்சுல்ல?” மறுநாள் இருளம்மாள் சொன்னாள்: “ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்லைல்ல. அதுக்குப் பேருதான் கண்டம் தப்புறது.” இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். புள்ளியியல் படித்தவளால் என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு நிகழ்வு, ஒப்பிட வேறு குழு இல்லை, எந்த முடிவுக்கும் வர இயலாது என்று சொல்ல வேண்டும். முப்பதுக்குக் குறைந்த மாதிரி. கூடுதல் தரவு தேவை என்று நடுவர் எழுதியது சரிதான். ஆனால் சார், அந்த மாதிரியைப் பெருக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு இந்த ஒன்றே போதும், இதுவும் வேண்டாம்.

இருந்தாலும் நான் இந்த வீட்டு மருமகள். ஒன்பது நாளில் போன வேலைக்கு மற்ற முதலாளிகள் மாமனாரைத்தான் கேட்கிறார்கள். அடுத்த கோடைக்கு ஆட்கள் வெயில்கண்டம் எத்தனை நாள் என்று இப்போதே கேட்கிறார்கள் என்று அவருக்குத் தூக்கமில்லை. இதழில் மறுப்பு வந்தால் அதைப் பெரிதாக அச்சடித்து யூனிட் வாசலில் ஒட்டலாம் என்பது அவர் திட்டம். மறுப்பையும் அவரே எழுதித் தந்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன். வெயில்கண்டம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்றும், வெயில் எல்லா வருடமும் அடிப்பதுதான் என்றும், கட்டுரையாளர் சின்னப்பிள்ளை, கைக்குழந்தைக்காரி, அசதியில் எழுதியது என்றும் மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில் அசதி மட்டும் உண்மை. அவர் கேட்டபடி கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இதழுக்கும் கழகத்துக்கும் என்னால் இனி சங்கடம் வேண்டாம் என்பதால் துணை ஆசிரியர் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன். இதையே ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும். அறிக்கையில், பரவல் ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சம், தாக்கம் ஒரு வேப்பமரம் என்று போட்டுக்கொள்ளலாம்.

செயற்குழுப் பெரியவர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நாலாம் பக்கம் வரை வாசித்த நடுவருக்குத் தனி வணக்கம், மீதியை வாசிக்க அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டுகிறேன். அம்மா மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்லவும். ஐஸ்வர்யா தாத்தாவுக்கு ஒரு முத்தம் என்கிறாள், தாங்களா என் மாமனாரா என்று தெரியவில்லை, தாங்களே எடுத்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
கா. யோகேஸ்வரி
முன்னாள் துணை ஆசிரியர்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும், பசை தீர்ந்துவிட்டது, நல்லதாயிற்று. இன்று ஆடிப்பெருக்கு. எல்லா அச்சகத்திலும் அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் வெளியிடுகிற நாள். காலையிலேயே வெளியூர் ஏஜெண்டுகள் மாமனாரிடம் கேட்ட முதல் கேள்வி, “வெயில்கண்டம் போட்டது எது அண்ணாச்சி?” என்பது. அதைவிடப் பெரிய விஷயம், எதிர்த்தெரு அச்சகத்தின் மாதிரித் தாளிலும் வெயில்கண்டம் இருக்கிறது. நம்மிடமிருந்து எடுத்தது தெரியக் கூடாதென்று 11 முதல் 2 வரை என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சார், இருபத்தெட்டு வருடத்தில் நம் இதழை ஒருவர் எடுத்தாண்டது இதுவே முதல் முறை. நன்றி போடவில்லைதான், நேரமும் தப்புதான், ஆனாலும் செயற்குழுவில் சொல்லவும். மாமனாருக்கு வந்த கோபம் சாமானியமில்லை. “எம் மருமக இருவது வருசக் கணக்குப் பாத்துப் போட்டது பன்னெண்டுல இருந்து மூணு. இவன் எந்தக் கணக்குல பதினொண்ணு போட்டான்? ஒங்க புரபசர இதழ்ல மறுத்து எழுதச் சொல்லு தாயி” என்கிறார். முந்தைய மறுப்பை என்ன செய்ய என்று கேட்டேன். எந்த மறுப்பு என்று கேட்டார். ஆகவே இணைப்பை எடுத்துவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம். ராஜினாமாவையும் மருமகள் எழுதியதாக மட்டும் வாசிக்கவும், துணை ஆசிரியர் எழுதியதாக அல்ல. அடுத்த வருடத்துக்கு வரிகள் தேவை, தங்கள் பேராசிரியர் நண்பர்களிடம் சொல்லி ஆவணி முடிவதற்குள் அனுப்பவும், பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் போனால் பாண்டிராஜ் வெட்டிவிடுவான்.

இன்னொன்று. யூனிட் வாசலில் மாமனார் இன்று தன் கையாலேயே ஒரு பலகை மாட்டினார். கோடையில் பகல் 12 முதல் 3 வரை மருந்து வேலை கிடையாது, பஞ்சாங்கப்படி, என்று எழுதியிருக்கிறது. நம் இதழின் பெயர் அதில் இல்லை. போடச் சொல்லிக் கேட்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம், பஞ்சாங்கப்படியே இருக்கட்டும். கோடை போய் ஆடிக்காற்று அடிக்கிறது, இருந்தும் பலகையைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு இன்றைக்கே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருக்கிறேன். மணி பன்னிரண்டே முக்கால், வண்டிச் சத்தம் கேட்கிறது, நிறுத்திக்கொள்கிறேன்.